முப்பது அடி தள்ளி நட்ட கல்

2016 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.20க்குக் காபி (சர்க்கரை அரைக் கரண்டி). 5.30 முதல் 6.00 வரை ஒன்பதாம் வகுப்பின் இருபத்திரண்டு கணக்கு நோட்டுகளைத் திருத்தினேன். நடுக்கோடு வரையச் சொன்ன இடத்தில் பதினொரு பேர் கோண இருசமவெட்டி வரைந்திருந்தார்கள். பதினொரு பேருக்கும் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: 'நடுக்கோடு வேறு, கோண இருசமவெட்டி வேறு. ஐம்பது முறை எழுதி வா.' 6.10க்கு ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது.

இதுவரை என் நாட்குறிப்பில் எல்லாம் நீல மையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கிறது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் செம்மண் கறையும், ரத்தம் குடித்த ஓர் அட்டை நசுங்கிக் காய்ந்த தடமும் இருக்கின்றன. அந்தக் கீழ்ப்பாதியைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். எழுதாமல் விட்டாலும் என் மனைவி வீட்டார் சொல்லத்தான் போகிறார்கள். என் வாயால் சொன்னால் அளவுகளாவது சரியாக இருக்கும்.

போடியில் ஒரு பள்ளியில் அப்போது இருபத்துமூன்று வருடமாகக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தாறு. என் மனைவி ஈஸ்வரிக்கு ஓர் அண்ணன், சென்றாயன். ஒரு தம்பி, போஸ். இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம், குரங்கணிக்கு மேலே அவர்கள் அப்பா விட்டுப்போன ஓர் ஏலக்காய்த் தோட்டத் துண்டு. மற்ற நிலங்களையெல்லாம் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். இது மட்டும் முக்கோணம்.

அந்த முக்கோணத்தின் கீழ் மூலையில் ஒரு ஊற்று. மேலே மேற்கு மூலையில் ஒரு பலா மரம், கிழக்கு மூலையில் ஒரு பாறை. அந்த மலைப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: நிலத்தை எப்படிப் பிரித்தாலும் இரண்டு பங்கும் தண்ணீரைத் தொட வேண்டும். ஏலச்செடிக்குக் கோடையில் தண்ணீர் காட்டாவிட்டால் அடுத்த வருடம் காய் கிடையாது. குறுக்கே வெட்டினால் மேல் பங்குக்கு ஊற்று இல்லை. ஊற்றிலிருந்து மேலே கோடு போட்டால் எந்த இடத்தில் போய் முட்ட வேண்டும் என்பதில் தகராறு. நாட்டாமை செய்ய வந்த மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்களுக்கு இதில் என்ன அவசரம் என்றால், மூன்று வாரத்தில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையாகச் சீர்த்தட்டு எடுத்து வர வேண்டும். "அவன் வந்தா நான் வரலை" என்று அண்ணனும், "அவரு வந்த பெறகு நான் தனியா வர்றேன்" என்று தம்பியும் சொல்லியிருந்தார்கள். ஈஸ்வரி அந்தத் துண்டில் தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தாள். ஒரே நிபந்தனை: கல் ஊன்றியதும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிட வேண்டும்.

அளந்து கொடுக்க நடுநிலையான ஆள் யார் என்ற கேள்வி வந்தபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்: "இது ஏழாம் வகுப்புக் கணக்கு." (என் வாழ்க்கையில் நான் பேசிய மிக விலையுயர்ந்த வாக்கியம் அது.)

கணக்கு உண்மையிலேயே எளிது. முக்கோணத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்ப் பக்கத்தின் சரிபாதிக்கு ஒரு கோடு போட்டால் அது நடுக்கோடு. அது பரப்பை இரண்டு சமபங்காக்கும். ஒரு பங்கு ஒல்லியாகவும் மற்றது குண்டாகவும் தெரியலாம், ஆனால் அடிப்பக்கமும் சமம், உயரமும் ஒன்று, அதனால் பரப்பு சமம். ஒரு முக்கோணத்துக்கு மூன்று நடுக்கோடுகள் உண்டு. ஊற்றிலிருந்து கிளம்புவதை எடுத்துக்கொண்டால் தண்ணீரும் இரண்டு பேருக்கும் கிடைத்துவிடும். ஆறு வருடச் சண்டைக்கு அரை நிமிடத்தில் தீர்வு. இதை நான் ஜீப்பில் போகும்போது விளக்கினேன். டிரைவர் மட்டும் தலையாட்டினார். மச்சான்கள் ஆளுக்கொரு பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஜீப்புப் பாதை முடிந்து நாற்பது நிமிட நடை. நான் நூறடி டேப், நோட்டு, மூன்று நிற பேனா, இவற்றோடு பள்ளியிலிருந்து கரும்பலகைக்கான பெரிய மரக் கோணமானியையும் கயிறு கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போயிருந்தேன். அதற்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பார்க்க ஒரு மதிப்பாக இருக்கும் என்று எடுத்துப் போனேன். எல்லாக் கேடும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

9.40க்கு அளக்கத் தொடங்கினோம். டேப்பின் ஒரு முனை அண்ணனிடம், மறுமுனை தம்பியிடம். அவர்கள் நேரடியாகப் பேசமாட்டார்கள் என்பதால் "இழுக்கச் சொல்லுங்க மாப்ளே" என்று அண்ணன் என்னிடம் சொல்ல, நான் தம்பியிடம் சொல்ல, "பிடிக்கச் சொல்லுங்க மச்சான்" என்று அவன் திருப்பிச் சொல்ல, ஒவ்வொரு நூறடிக்கும் நான் தபால்காரனாக ஓடினேன். ஊற்றிலிருந்து பலா மரம் 240 அடி. ஊற்றிலிருந்து பாறை 360 அடி. மேல்பக்கம், பலா மரத்திலிருந்து பாறைக்கு, 300 அடி. (சரிவின் மேல் டேப் போட்டு அளந்தால் பத்திர அளவைவிடக் கூடத்தான் வரும். எங்களுக்குப் பாதி பாதி போதும் என்பதால் அதைக் கண்டுகொள்ளவில்லை. இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.)

ஊற்றுக்கு இறங்கி வந்து கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு வந்துவிடும். எண்பத்திரண்டு சென்ட். பாதி நாற்பத்தொன்று. "நாப்பத்தொன்னு, நாப்பத்தொன்னு" என்று நான் சொன்னதும் இரண்டு பேர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. தசமமாக, பின்னமாக இல்லாமல் முழு எண்ணாக வந்தது சாமியே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

இனி செய்ய வேண்டியது: மேல்பக்கத்தில் 150ஆவது அடியில் கல் ஊன்றுவது. அதற்கு நான் திரும்ப மேலே ஏற வேண்டும். முழங்கால் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது. கணுக்காலில் நாலு அட்டை. மேலேயிருந்து மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. தோளில் கோணமானி.

அந்தக் கணத்தில் எனக்கு என்ன நடந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பனி முழுவதும் மறைப்பதற்கு முன் பலா மரத்தையும் பாறையையும் இங்கிருந்தே கோணமானி வைத்துக் குறி பார்த்தேன். கோணம் 56 டிகிரி. பாதி 28. "இந்தத் திக்கில் கயிறு பிடிச்சு நேரா மேல போங்க, மேல் எல்லையைத் தொடுற எடத்துல ஊனுங்க" என்றேன். கோணத்தைப் பாதியாக்கினால் நிலம் பாதியாகிவிடும் என்று, அன்று காலை பதினொரு குழந்தைகளுக்குச் சிவப்பு மை போட்ட அதே கை, நீட்டிக் காட்டியது.

கயிறு போன இடத்தில் கல் ஊன்றினார்கள். பிறகு கல் எங்கே நிற்கிறது என்று நோட்டில் பதிய வேண்டுமே என்று, பலா மரத்திலிருந்து அளந்து சொல்லச் சொன்னேன். போஸ் மேலேயிருந்து கத்தினான், "நூத்தி இருவது." எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர அந்த எண்ணைப் பார்க்கவில்லை.

ஊன்றிய கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்ற என்னையும் மேலே கூப்பிட்டார்கள். (கடைசியில் ஏறத்தான் வேண்டியிருந்தது.) பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. நடுநிலையான ஆள்தான் வாக்குச் சொல்ல வேண்டும் என்றார் சென்றாயன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசும் குரலில் சொன்னேன்: "இந்தக் கல்லில் கைவைக்கிறவன் இந்தக் குடும்பத்துக்கு உறவில்லை." மூன்று பேரும் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டோம்.

எந்தப் பக்கம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. அண்ணன் ஆறு வருடத்தில் முதன்முறையாகத் தம்பியைப் பார்த்துப் பேசினார். "நீ மொதல்ல எடுத்துக்கப்பு." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, "பலா மரத்துப் பக்கம் எடுத்துக்கிறேண்ணே, என் பாதைக்கு அதுதான் ஒட்டி வரும்" என்றான். முடிந்தது.

நிலத்தின் ஓரத்துத் தகரக் கொட்டகையில், எங்களோடு வந்திருந்த ஈஸ்வரி புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தாள். நாலு பேருக்கு ஐந்து அவித்த முட்டை. ஆளுக்கொன்று போக மிஞ்சியதை சென்றாயன் சாக்குத் தைக்கும் நூலால் சரிபாதியாக அறுத்து ஒரு பாதியைத் தம்பி தட்டில் வைத்தார். போஸ் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். ஈஸ்வரி மூக்கை உறிஞ்சிவிட்டு, புகை கண்ணில் பட்டதாகச் சொன்னாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

நான் ஓரமாக உட்கார்ந்து நாட்குறிப்பில் படம் வரைந்துகொண்டிருந்தேன். மேல்பக்கம் 300. பலா மரத்திலிருந்து கல் வரை 120. மீதியை எழுத வேண்டுமே என்று கழித்தேன். 180.

பேனா அங்கேயே நின்றது.

நூற்றிருபதும் நூற்றெண்பதும். இரண்டுக்கு மூன்று. அதாவது 240க்கு 360 இருக்கிறதே, அதே விகிதம். கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை மற்ற இரண்டு பக்கங்களின் விகிதத்தில்தான் வெட்டும், பாதியாக அல்ல. பத்தாம் வகுப்புத் தேற்றம். அதைப் பாட்டாகவே பாடி நடத்துகிறவன் நான். தம்பிக்கு 32.8 சென்ட். அண்ணனுக்கு 49.2. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

 எதிரே இரண்டு பேரும் ஆறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு மாட்டைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால்? அண்ணன் ஏமாற்றியதாகத் தம்பியும், தம்பி என்னைக் கையில் போட்டுக்கொண்டதாக அண்ணனும் நினைப்பார்கள். சீர்த்தட்டு இரண்டு வழியாக வரும். சொல்லாவிட்டால்? என்றைக்காவது ஒரு நாள் போஸ் சும்மா இருக்கமாட்டாமல் டேப் பிடித்துப் பார்ப்பான். அதுவரை நான் ஒவ்வொரு ராத்திரியும் அந்த எட்டேகால் சென்டின் மேல் படுத்துத் தூங்க வேண்டும். (8.2 தான். பயத்தில் கூடி விட்டது.)

மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. கல்லை முப்பதடி தள்ளி வைத்துவிட்டால் எல்லாம் சரி. பனியில் யாரும் முழு நிலத்தையும் பார்க்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது. பரப்பும் சமம், உறவும் மிச்சம், என் மானமும் மிச்சம். இதைவிட நேர்மையான திருட்டு உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

"கோணமானியை மேல வச்சிட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்தேன்.

"பனிக்குள்ள தனியாப் போகாதீக, காட்டுமாடு நிக்கும்" என்றாள் ஈஸ்வரி. காட்டுமாட்டுக்குப் பயப்படும் நிலையில் நான் இல்லை.

1.15க்குக் கல்லருகே நின்றேன். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. சூடம் எரிந்த கறுப்பு அப்படியே. கைவைக்கிறவன் உறவில்லை என்று என் குரலிலேயே கேட்டது. புது மண் என்பதால் அசைத்து அசைத்துப் பிடுங்கிவிட்டேன். இரண்டடிக் கல். (பின்னாளில் அதே அளவில் ஒரு கல்லை எடை போட்டுப் பார்த்தேன்: 38 கிலோ.) உருட்டினால் தடம் விழும் என்று குழந்தையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டேன். டேப்பின் முனையைப் பழைய குழியில் ஒரு குச்சியால் குத்தி வைத்துவிட்டு, கிழக்கே, அண்ணன் பங்குக்குள், ஒவ்வொரு அடியாக நடந்தேன். ஏலச்செடி இலையெல்லாம் முகத்தில் தண்ணீரை உதறியது. பத்தடியில் மூச்சு வாங்கியது. பதினைந்தில் செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. இருபதில் ஏதோ ஒன்று கீழே சருகை மிதித்தது. காட்டுமாடு என்று நினைத்தேன். வேண்டிக்கொள்ளவும் ஆரம்பித்தேன்.

இருபத்திரண்டாவது அடியில் பனி விலகியது. மெதுவாக அல்ல, திரையை ஒருவன் சட்டென்று இழுத்த மாதிரி. பத்தடி கீழே சென்றாயனும் போஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். போஸ் கையில் என் குடை.

நான் கல்லைக் கீழே போடவில்லை. போட்டிருக்கலாம். ஏனோ இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"என்ன சோலி பாக்குறீக மாப்ளே?" என்றார் சென்றாயன். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"கோணமானி தேடுறேன் மச்சான்."

"அது ஒங்க தோள்ல கெடக்கு."

குனிந்து பார்த்தேன். கிடந்தது. கோணம் பார்த்து முடித்துத் தோளில் போட்டதிலிருந்து அதைக் கழற்றவே இல்லை. அதோடேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

சென்றாயன் என்னைப் பார்க்கவில்லை. நான் நிற்கும் இடத்தையும் பழைய குழியையும் பார்த்தார். கல் எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்ததும் மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார். "எம் பங்குக்குள்ள வருது. யாரு சொல்லி வருது?"

"எனக்கென்ன தெரியும்? ஒன்னோடதானே ஒக்காந்து திங்கிறேன்" என்றான் போஸ். 'அண்ணே' போய்விட்டது.  சூடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, சத்தியம் வாங்கியவன் கல்லோடு நிற்கிறான். அந்த நிமிடம் ஒருத்தர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தப்பி வந்திருந்தால் இன்னொரு ஆறு வருடம்.

நான் பேச ஆரம்பித்தேன். சரிவைப் பற்றிப் பேசினேன். மூடுபனியில் ஒளி வளைவதைப் பற்றிச் சொன்னேன். ஈரத்தில் கயிறு நீள்வதைப் பற்றிக்கூடச் சொன்னதாக ஞாபகம். கல் கனக்கக் கனக்க என் விளக்கமும் நீண்டது. சத்தம் கேட்டு ஈஸ்வரி பின்னாலேயே ஏறி வந்திருந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியவள் என்று நான் கேலி செய்யாத பண்டிகை கிடையாது. அவள் என்னையும் கல்லையும் ஒரு முறை பார்த்தாள்.

"என்னங்க, தப்பாப் போட்டுட்டீகளா?"

இருபத்துமூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை என்னை யாரும் கேட்டதில்லை.

"ஆமா" என்றேன்.

 பிறகு கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றில் குச்சியால் முக்கோணம் வரைந்தேன். கோணத்தின் பாதி இது, பக்கத்தின் பாதி அது. முதலில் ஊன்றியபடி போஸுக்கு எட்டு சென்ட் குறைவாகப் போயிருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் திருட்டுத்தனமாக வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மைதானத்தில் முட்டி போட்ட பையன் மாதிரி, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

இப்போது விஷயம் சென்றாயன் கையில் இருந்தது. கல் பழைய குழிக்குத் திரும்பினால் எட்டு சென்ட் அவருடையது. சூடம் ஏற்றி, சத்தியம் செய்து, தம்பியே முதலில் எடுத்துக்கொண்ட பங்கு. அவர் அப்படிச் சொன்னால் போஸால் மறுக்க முடியாது. ஆனால் அதன் பிறகு பேசவும் மாட்டான். ஈஸ்வரி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சென்றாயன் சேற்றில் இருந்த முக்கோணத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"மேல அந்தப் பக்கத்துல பாதிதான வேணும்?"

"ஆமா மச்சான்."

"போஸு, அந்தக் கயித்தக் கொண்டா."

பலா மரத்திலிருந்து பாறை வரை கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு அடையாளம் செய்து அவிழ்த்து, முடிச்சோடு முடிச்சைச் சேர்த்து மடித்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு துணியைக் கட்டி, திரும்ப இழுத்துப் பிடித்தார்கள். துணி நின்ற இடம் பாதி. கால் மணி நேரம் ஆயிற்று. நான் என் டேப்பை நீட்டினேன். "நூத்தி அம்பதுதானானு பாத்துருவோம்" என்றேன்.

"நீங்க தொட வேணாம் மாப்ளே. சத்தியம் இருக்குல்ல" என்றார் சென்றாயன்.

கல்லை அவர் ஒரு முனையிலும் தம்பி மறு முனையிலும் தூக்கினார்கள். "பாத்துண்ணே, வழுக்கும்" என்றான் போஸ். அதைக் கேட்டபோது ஈஸ்வரி மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். இந்த முறை புகை என்று சொல்லவில்லை. கல் ஊன்றி முடித்து, மிச்சச் சூடத்தை ஏற்றி, புதிதாக வாக்குச் சொல்லும் நேரம் வந்தபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. ஈஸ்வரிதான் சொன்னாள்.

ஜீப்பில் இறங்கும்போது மச்சான்கள் இருவரும் பின் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். டிரைவர் பக்கத்தில் நான், ஒற்றைச் செருப்போடு. இரண்டு கொண்டை ஊசி வளைவு கடந்தோம். பிறகு சென்றாயன் கேட்டார், "பள்ளிக்கொடத்துல பிள்ளைக இந்தத் தப்பச் செஞ்சா என்ன செய்வீக மாப்ளே?"

பொய் சொல்லும் திராணி எனக்கு மிச்சமில்லை. "அம்பது தடவை எழுதச் சொல்லுவேன்."

 

கல்யாணத்தில் சீர் ஒரே வரிசையாக வந்தது. பெரிய தட்டை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வந்தார்கள். நான் கைகொடுக்கப் போனபோது போஸ் சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி, "மச்சான், நீங்க எதையும் நகத்தக் கூடாது" என்றான். இன்றைக்கும் அந்த வீட்டில் நான் கைகழுவ எழுந்தாலும் யாராவது ஒருவர் "கல்லு பத்திரம்" என்பார். என் மருமகனுக்கு என்னைப் பற்றித் தெரிந்த முதல் செய்தியே இதுதான். பேத்திக்கு இரண்டாவது பிறந்த நாளில் கேக் வெட்டக் கத்தியை நான் எடுத்தபோது, ஈஸ்வரி அதை வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தாள்.

2016 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். காபிக்கு முன்பே புது நோட்டு ஒன்றை எடுத்து, கோடு போட்டு, சிவப்பு மையில் 'நடுக்கோடு வேறு, கோண இருசமவெட்டி வேறு' என்று ஐம்பது முறை எழுதினேன். ஈஸ்வரி காபியை வைத்துவிட்டு, நோட்டை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"நாப்பத்தொம்பதுதான் இருக்கு" என்றாள்.

நானும் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பதுதான் இருந்தது. இன்னொன்று எழுதிய பிறகுதான் காபி குடித்தேன்.